அடித்த விடைக்கு மதிப்பெண் இல்லை

பதினோராவது தாள், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கணக்கு. முற்பகலுக்குப் பதினைந்து, சாப்பாட்டுக்கு அப்புறம் பதினைந்து, ஆக தினம் முப்பது பிள்ளைகளின் தலையெழுத்து என்று பக்கத்து இருக்கை ஹபீபா டீச்சர் முதல் நாளே சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது. இன்றைக்கு ஆறாம் நாள், வரவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் எங்களை உட்கார வைத்திருக்கிறார்கள், ஐம்பத்தெட்டு வயசில் முட்டி மேஜையில் இடிக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது என்பதற்குச் சத்தம் மட்டும்தான் சாட்சி. இன்னும் நாலு தாள், அப்புறம் சாப்பாடு, டப்பாவில் புளிச்சோறு, காலையிலேயே கட்டியது, இந்த வெக்கைக்கு இந்நேரம் என்ன ஆயிருக்கோ. தாளுக்குப் பக்கத்தில் விடைக்குறிப்பு, பத்தொன்பது பக்கம். போன வருஷம்வரை ஆறு பக்கம். அப்போதெல்லாம் அதைப் பார்க்கவே மாட்டோம், கை தானாகப் போகும், சூத்திரம் எழுதியிருந்தால் ஒன்று, பிரதியிட்டிருந்தால் ஒன்று, விடை தப்பானாலும் பாவம் பிள்ளை முயற்சி பண்ணியிருக்கு என்று இன்னொன்று. இப்போது பாடத்திட்டம் புதுசு, புத்தகம் புதுசு, தேர்வு புதுசு, திருத்துகிற ஆட்கள் மட்டும் பழசு. ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். என் மகன் வயசுகூட இருக்காது, ஒரு பையன் மடிக்கணினியோடு வந்து, இனிமேல் மனப்பாடம் கிடையாது டீச்சர், பிள்ளை தானாக யோசிக்கணும், யோசிக்கிற பிள்ளைக்குத்தான் இனி மார்க் என்றான். நாங்கள் அத்தனை பேரும் கோயில் மாடு மாதிரி தலையாட்டினோம். தலையாட்டியதற்கு ஐந்து நாளும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் தலைமை ஆசிரியை வசந்தா மேடம் கேட்டது ஒரே கேள்வி. அதெல்லாம் இருக்கட்டும் ஜெபக்கனி, எத்தனை பர்சன்ட் காட்டுவே? பழைய குருடி கதவைத் திறடி. யோசிக்கிறதுக்குப் பர்சன்ட் உண்டா என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, தொண்ணூத்தஞ்சு மேடம் என்றேன்.

இந்தத் தாளில் எழுத்து குண்டு குண்டாக இருக்கிறது, பேனாவை அழுத்தி எழுதுகிற பிள்ளை, பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது. பொம்பளைப் பிள்ளையாகத்தான் இருக்கும், எனக்கு எப்படித் தெரியும், பெயர் கிடையாது, ஊர் கிடையாது, பதிவெண்ணைக் கிழித்துவிட்டு ஒரு பொய் எண் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் முப்பத்து மூணு வருஷமாகப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கிடந்தவளுக்கு எழுத்தைப் பார்த்தால் ஜடை தெரியும். ஒரு மார்க்குக் கேள்விகளில் எட்டு. இரண்டு மார்க்கில் நாலு சரி, எட்டு. கணங்கள் ஐந்து மார்க் கேள்வி முழுசாக ஐந்து. இன்னொன்றில் மூணு. வட்டத்துக்குத் தொடுகோடு வரையச் சொன்னதில் ஏழு, கவராயத்தை அழுத்திக் குத்தி ஓட்டையே போட்டிருக்கிறாள். எட்டும் எட்டும் பதினாறு, ஐந்து இருபத்தொன்று, மூணு இருபத்து நாலு, ஏழு முப்பத்தொன்று. முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. மிச்சம் இருப்பது நாற்பத்து மூணாம் கேள்வி, எட்டு மார்க், அதைத் திருப்பினால் தெரிந்துவிடும். திருப்பினேன். ஒரு பக்கம் முழுக்க என்னமோ எழுதி, மேலிருந்து கீழாகச் சாய்வாக இரண்டு கோடு ஸ்கேல் வைத்து அடித்திருந்தாள். அதற்கு எதிர்ப்பக்கம் வரைபடத்தாள் கட்டியிருந்தது, அதில் வளைகோடு, இரண்டு அச்சு, வலது மேல் மூலையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் அளவுத்திட்டம். பெட்டிக்கு இரட்டைக் கோடு. தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மறுபடி பார்த்தேன், இரட்டைக் கோடுதான்.

அந்த இரட்டைக் கோடு என்னுடையது. இந்தத் தேசத்தில் அளவுத்திட்டத்தைப் பெட்டிக்குள் போடு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, பெட்டிக்கு இரட்டைக் கோடு போடு என்று சொன்னவள் நான் ஒருத்திதான். ஒன்பது வருஷத்துக்கு முந்தி, மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு என்று ஒரு கையேடு எழுதினேன், பன்னிரண்டே பக்கம், பேர் ‘கை கொடுக்கும் கணக்கு’. மெல்லக் கற்கும் என்பது அரசாங்க வார்த்தை, ஸ்டாஃப் ரூமில் நாங்கள் வைத்திருக்கிற வார்த்தை வேறே. அந்தக் கையேட்டில் வரைபடத்துக்கு ஒரே ஒரு பக்கம். அச்சு வரை, அம்புக்குறி போடு, வலது மேல் மூலையில் பெட்டி, திருத்துகிறவர் கண்ணில் பட இரட்டைக் கோடு, ஒரு அட்டவணை, ஒரு வளைகோடு. எந்தக் கேள்வி வந்தாலும் இதைப் போட்டால் எட்டுக்கு நாலாவது வரும், பிழைத்தாய். கேள்வியில் ‘வரைபடம்’ என்ற சொல்லைப் பார்த்தால் போதும், மற்றதைப் படித்துக் குழம்ப வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். ஆமாம், படிக்க வேண்டாம் என்று. ஒரு வாத்திச்சி எழுதினாள் அதை. முதல் வருஷமே முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பிழைத்தார்கள், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சால்வை போட்டார்கள், பக்கத்து மாவட்டத்துக்கெல்லாம் அது வாட்ஸ்அப்பில் போனது, முன்பின் தெரியாத டீச்சர்மார் போன் பண்ணி, அக்கா நீங்க பெத்த பிள்ளைக எங்க ஊர்லயும் பாஸாகுது என்றார்கள், எனக்கும் சந்தோஷமாகத்தானே இருந்தது, இல்லை என்றால் பொய். இந்த வருஷம் புதுப் பாடத்திட்டம் வந்தபோது, கையேட்டைப் புதுசாக எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். சத்தியமாக உட்கார்ந்தேன். புதுப் புத்தகத்தை ஒரு வாரம் புரட்டினேன், அதில் ஒவ்வொரு கணக்கும் ஒவ்வொரு தினுசு, எதையும் ஒரு பக்கத்தில் அடக்க முடியவில்லை, அடக்கக் கூடாது என்பதற்காகவே எழுதிய மாதிரி இருந்தது. அப்புறம் மூத்தவள் பிரசவத்துக்கு வந்தாள், அப்புறம் அரையாண்டு வந்தது, கடைசியில் அட்டையில் வருஷத்தை மட்டும் மாற்றினேன். பதினைந்து நிமிஷ வேலை. அனுப்பினேன். நன்றி அக்கா என்று நாற்பது கும்பிடு வந்தது.

இது என் பள்ளிக்கூடத்துத் தாள் இல்லை, எங்கள் மாவட்டத்துத் தாளே இல்லை, எங்கள் பிள்ளைகளின் கட்டு வேறெங்கேயோ போயிருக்கும், வேறு யாரோ ஒருத்தி வேறு ஒரு பள்ளிக்கூடத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பாள். அதில் பிரம்மசக்தியின் தாளும் இருக்கும். நினைக்காதே என்று ஆறு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நினைக்காதே என்றால்தான் மனசு அங்கேயே போய் நிற்கும். பிரம்மசக்தி, பத்தாம் வகுப்பு பி பிரிவு, கடைசி பெஞ்சு, அம்மா உப்பளத்தில் வேலை, அப்பா இல்லை. பெருக்கல் வாய்ப்பாடு கேட்டால் ஏழெட்டு எவ்வளவு என்பதற்கு அரை நிமிஷம் ஆகும். காலாண்டில் இருபத்திரண்டு. ஒரு கணக்கை எடுத்தால் பீரியட் முடிகிறவரை அதிலேயே கிடப்பாள், மற்ற பிள்ளைகள் நாலு கணக்கைக் கரும்பலகையிலிருந்து இறக்கியிருக்கும். ஒரு நாள் புதுப் புத்தகத்திலிருந்து வேலிக் கணக்கு ஒன்றைப் போட்டேன். சுவரை ஒரு பக்கமாக வைத்து, கையிலிருக்கிற கம்பிவேலியால் மற்ற மூன்று பக்கமும் அடைக்கணும், உள்ளே இடம் எவ்வளவுக்கு எவ்வளவு கூட வரணும். நான் வழக்கம்போல எக்ஸ் என்க என்று தொடங்கினேன். கடைசி பெஞ்சிலிருந்து குரல், டீச்சர், எக்ஸ் வேண்டாம் டீச்சர், போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்லா. அளத்தில் பாத்தி கட்டும்போது வரப்பை எங்கே போட்டால் மண் மிச்சம், பாத்தி பெருசு என்று அவள் அம்மா நடந்தே கண்டுபிடிப்பாளாம், ஒரு அடி தள்ளி, ஒரு அடி கிட்டே என்று. இவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்திருந்தாள், ஏறுது ஏறுது ஏறுது, அப்புறம் இறங்குது, ஏறின மாதிரியே இறங்குது, அப்ப நட்டநடு உச்சி இதுதான டீச்சர் என்றாள். ஐயோ, அந்த மடிக்கணினிப் பையன் ஐந்து நாளாகத் தொண்டை கிழியச் சொன்னது இதுதான். முப்பத்து மூணு வருஷத்தில் ஒரு பிள்ளை தானாக என் முன்னால் நின்று யோசித்தது அதுதான் முதல் தடவை என்றே நினைக்கிறேன், அல்லது மற்றவர்கள் யோசித்ததை நான் கவனிக்கவில்லை. எனக்குப் புல்லரித்தது. புல்லரித்துவிட்டு என்ன செய்தேன்? மறுநாள் வசந்தா மேடம் காலாண்டு மார்க்குப் பட்டியலைக் கொண்டுவந்து சிவப்பு வட்டம் போட்ட பன்னிரண்டு பெயரைக் காட்டினாள், அதில் ஏழாவது பெயர் பிரம்மசக்தி. சாயங்கால ஸ்பெஷல் வகுப்பு, கையேடு, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை அதே வளைகோடு. ஏட்டி, இந்த யோசனையெல்லாம் பதினொண்ணாம் கிளாஸ் போய் வச்சுக்கோ, இப்ப சொன்னதைப் போடு என்றேன். அவள் நோட்டை மூடிவிட்டுக் கையேட்டை எடுத்தாள். தொண்ணூறு நாள், தொண்ணூறு நாளும் அதே வளைகோடு. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டே போட்டாள், நான் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

தேர்வு முடிந்து கேட்டுக்கு வெளியே வந்த பிள்ளைகளில் பாதி அழுதது, மீதி ஐஸ் வாங்கியது. கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். நாற்பத்து மூணாம் கேள்வி அதே வேலி. நாற்பது மீட்டர் வேலி, ஒரு பக்கம் சுவர், அதிகப் பரப்பு எப்போது, ‘வரைபடம் மூலமாகவோ வேறு வழியிலோ காண்க’. எனக்குக் கால் தரையில் படவில்லை. ஏட்டி பிரம்மசக்தி, உன் வேலிக் கணக்குதான் வந்திருக்குட்டி, போட்டியா என்று கையைப் பிடித்தேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மொதல்ல யோசிச்சுப் போட்டேன் டீச்சர், பத்துன்னு வந்திச்சு. அப்புறம் பார்த்தா வரைபடம்னு போட்டிருந்திச்சு. ஒடனே அதை அடிச்சிட்டு, நீங்க சொன்ன மாதிரியே போட்டுட்டேன். நான் அவள் கையை விட்டேனா, பிடித்துக்கொண்டே நின்றேனா, ஞாபகம் இல்லை. நல்லதுளா, போ, போய்ச் சாப்பிடு என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மற்றக் கேள்விகளையெல்லாம் கேட்டு வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், எப்படிக் கூட்டினாலும் முப்பத்திரண்டுக்கு மேல் போகவில்லை. அவள் அம்மா ஜனவரியிலேயே பள்ளிக்கூடத்துக்கு வந்து, பாஸானா மேல படிக்கட்டும் டீச்சர், இல்லாட்டி என்கூட அளத்துக்கு வந்துரட்டும், எனக்கு முட்டி ரெண்டும் போச்சு என்று பட்டென்று சொல்லிவிட்டுப் போனாள். துணைத்தேர்வு இருக்கிறது என்று நான் சொன்னேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள். காலையில் அஞ்சு மணிக்கு அளத்தில் இறங்குகிற பிள்ளை ஜூன் மாதம் எந்தக் கையால் பேனா பிடிக்கும் என்று கேட்காமல் கேட்ட மாதிரி இருந்தது.

இதோ இந்தப் பிள்ளையும் அடித்திருக்கிறாள். எவ்வளவு சுத்தமாக அடித்திருக்கிறாள் பார், தப்பானால் கிறுக்காதே, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போடு என்று அதையும் நான்தான் எழுதினேன், கையேடு நாலாம் பக்கம். சுத்தமாக அடித்ததால் உள்ளே எல்லாமே தெரிகிறது. 8 போட்டால் 192. 9 போட்டால் 198. 10 போட்டால் 200. 11 போட்டால் திரும்ப 198. 12 போட்டால் 192. அதற்குக் கீழே குண்டு எழுத்தில், ‘ஒன்பதிலும் பதினொன்றிலும் ஒன்றுபோல வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்குகிறது. அதனால் பத்துதான் பெரியது.’ இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. விடைக்குறிப்பு பதினாறாம் பக்கம், சமன்பாட்டுக்கு இரண்டு, மதிப்புகளுக்கு மூன்று, காரணத்துக்கு இரண்டு, அலகோடு விடைக்கு ஒன்று. சமன்பாடு இல்லை, அலகு எழுதவில்லை, ஆக மூன்றும் இரண்டும் ஐந்து. முப்பத்தொன்றோடு ஐந்து முப்பத்தாறு. பாஸ். எதிர்ப்பக்கத்தில் என் வளைகோடு, அதற்கும் வேலிக்கும் சம்பந்தமே இல்லை, ஏதோ ஒரு காலத்துக் கேள்வியின் வளைகோடு, அதற்கு விடைக்குறிப்பில் தனியாக ஒரு வரியே போட்டிருக்கிறார்கள், ‘அச்சுகள், அளவுத்திட்டம் ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண் இல்லை’. என்னை நினைத்துத்தான் அந்த வரியைப் போட்டார்களோ என்னமோ. அப்புறம் பத்தொன்பதாம் பக்கம், கடைசி வரி, ‘மாணவர் அடித்த விடை திருத்தத்துக்கு உரியதன்று’. இந்த ஒரு வரி மட்டும் பழைய விடைக்குறிப்பிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றினார்கள், இதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, நான் அட்டையில் வருஷத்தை மாற்றிய மாதிரி அவர்களும் மாற்றியிருப்பார்கள்.

ஹபீபாவிடம் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்து, பாவம் புள்ளை, ஆனா முப்பத்தொண்ணு ஆச்சே டீச்சர், முப்பத்து மூணுன்னா பரவாயில்லை என்றாள். அது இங்கே எழுதாத சட்டம். முப்பத்து மூணு வந்தால் தாளை மறுபடி முதலிலிருந்து புரட்டி எங்கேயாவது அரை அரையாகப் பொறுக்கி முப்பத்தைந்தாக்குவோம், யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கிறவர்களும் அதைத்தான் செய்தார்கள். முப்பத்திரண்டுக்குக் கொஞ்சம் நெஞ்சு வேண்டும். முப்பத்தொன்றை யாரும் தொடமாட்டார்கள், முப்பத்தொன்று செத்த தாள். போன வருஷம் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் கூட்டலில் ஏதோ விட்டுவிட்டு, மறுகூட்டலில் பிடிபட்டு, பதினேழு-பி என்கிற குற்றச்சாட்டுக் குறிப்பாணை வாங்கி, ஓய்வு நாளன்று மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியவள் விசாரணைக்கு நடந்துகொண்டிருக்கிறாள், எனக்கு இன்னும் பதினாலு மாதம். பதினாலு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். முப்பத்து மூணு வருஷம் மூடியவளுக்குப் பதினாலு மாதம் பெரிசா. ஆனால் எங்கேயோ ஒரு பெஞ்சில் இதே நேரத்தில் ஒருத்தி பிரம்மசக்தியின் தாளைத் திருப்பிக்கொண்டிருப்பாள், அவளுக்கும் முட்டி இடிக்கும், அவளுக்கும் பதினாலு மாதமோ இருபது மாதமோ இருக்கும், அவள் அந்தக் கோடுகளுக்கு அடியில் படிப்பாளா? நான் இதைப் படித்தால் அவள் அதைப் படிப்பாள். இப்படிக் கர்த்தரிடம் பேரம் பேசக்கூடாது என்று தெரியும், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேன், ஆனாலும் பேசினேன். ஆண்டவரே, இதுக்கு நான் போடுறேன், அதுக்கு அவ போடணும். அடித்த கோட்டுக்கு மேலேயே சிவப்பு மையில் 3, 2 என்று போட்டேன். ஓரத்தில் 5. முதல் பக்கக் கட்டத்தில் 36. பன்னிரண்டாவது தாளை எடுத்தேன், நல்ல படிப்பாளிப் பிள்ளை, மளமளவென்று தொண்ணூற்றொன்று, அதிலும் வேலிக் கணக்கை எக்ஸ் என்க என்று தொடங்கி எனக்குத் தெரிந்த வழியில் முடித்திருந்தது. பதிமூன்றாவது தாளில் மறுபடி இரட்டைக் கோட்டுப் பெட்டி, இது எதையும் யோசிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை, பதினெட்டு. பதினாலாவதிலும் பெட்டி. எத்தனை ஊரில்தான் பெத்துப்போட்டிருக்கிறேன்.

பதினைந்தையும் கட்டி முதன்மைத் தேர்வாளர் மேஜையில் வைத்தேன். கோமதிநாயகம் சார் நல்ல மனுஷன், யாரையும் வாங்க போங்க இல்லாமல் பேசமாட்டார், எழுந்து நின்றுதான் கட்டை வாங்குவார். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம், முப்பத்தைந்திலிருந்து நாற்பதுவரை வாங்கிய தாள்களைத்தான் முதலில் உருவுவார், தப்பு நடந்தால் அங்கேதான் நடக்கும் என்று இருபது வருஷ அனுபவம். நான் என் இடத்துக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். சோறு கெடவில்லை. முதல் வாய் வைப்பதற்குள், ஜெபக்கனி டீச்சர், கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா என்று குரல் வந்தது. கையை அலம்பாமலே போனேன். நாற்பத்து மூணாம் கேள்விப் பக்கம் விரித்திருந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, அடிச்ச விடைக்கு மார்க் போட்டிருக்கீங்களே, கவனிக்கலையா என்று கேட்டார். கவனிக்கவில்லை என்று சொல்லிவிடச் சொல்லித்தான் அப்படிக் கேட்டார், அது எனக்கும் புரிந்தது. கவனிச்சுதான் சார் போட்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சரியான விடை சார் அது. படிச்சுப் பாருங்க. பிள்ளை தானா யோசிச்சிருக்கு.”

“படிச்சேன் டீச்சர். எனக்கே இப்படித் தோணியிருக்காது. ஆனா சரியா தப்பான்னு பார்க்கிறது நமக்கு அப்புறம். அடிச்சிருக்கா இல்லையாங்கிறதுதான் முதல்ல.”

அடிக்கச் சொன்னது நான்தான் சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. இந்தப் பிள்ளை எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அடிக்கச் சொன்னவள் நான், படிக்க வேண்டாம் என்று சொன்னவள் நான், அந்தப் பெட்டிக்கு இரட்டைக் கோடு போட்டவள் நான், இவ்வளவையும் சொன்னால் அவர் என்ன செய்வார், எந்த விடைக்குறிப்பில் அதற்கு இடம் இருக்கிறது. அவர் அதற்குள், மேலே இருந்து ஆள் வந்து இதைத்தான் எடுத்துப் பார்ப்பான், உங்களுக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு என்று கேட்டார். பதினாலு என்றேன். பதினாலு மாசம் என்று அவரும் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்கும் கிட்டத்தட்ட இதேதான் டீச்சர், ரெண்டு பேருக்கும் எதுக்கு என்றார். அப்புறம் தன் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து என் பக்கம் தள்ளினார். கிறுக்க வேண்டாம், ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் சைபர் போட்டு, சின்னக் கையெழுத்து, மொத்தத்திலும் திருத்திவிடுங்கள், அது போதும் என்றார். அவர் அந்தக் குரலில் சொன்னபோது எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை முடியாது என்று சொல்லியிருப்பேன்.

நின்றபடியே குனிந்தேன். கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது, சேலையில் துடைத்தேன். ஸ்கேலை வைத்தேன். மூன்றின் மேல் ஒரு கோடு, இரண்டின் மேல் ஒரு கோடு, ஓரத்து ஐந்தின் மேல் ஒரு கோடு. சைபர். முதல் பக்கத்தில் முப்பத்தாறை அடித்து முப்பத்தொன்று. நாலு இடத்தில் கையெழுத்து. சுத்தமாகத்தான் அடித்தேன், உள்ளே இருந்த ஐந்து நன்றாகத் தெரிந்தது. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். சரியா இருக்கா பார்த்துக்கிடுங்க என்று சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

“சார், நீங்க சொன்ன மாதிரியே போட்டுட்டேன்.”